குலுக்கிக் குடிக்கவும்: அகதா கிறிஸ்டி பற்றி ஒரு பழைய கம்பவுண்டரின் பதில்

அம்மணி, போன சனிக்கிழமை கோத்தகிரி நூலக வாசலில் நீ என்னிடம் மூன்று கேள்வி கேட்டாய். அகதா கிறிஸ்டி எப்படி எழுத வந்தார்? இத்தனை புத்தகம் இருக்கிறதே, எதில் தொடங்குவது? "அதெல்லாம் வெறும் புதிர், அதில் மனுஷங்களே இல்லை" என்று உன் வகுப்பில் யாரோ சொன்னார்களாமே, அது நியாயமா? பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பார்மசி படிக்கிற பெண் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்த அம்மா எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் நம் தொழிலில் இருந்தவர்.

இதைப் பலரும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கலந்தவன் நான். அவர் கதை கட்டும் விதமே மருந்து கலக்கிற மேசையில் கற்றுக்கொண்டது என்பது பல வருஷமாக அவரைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

1890 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்பா அமெரிக்கர். மகளுக்குப் பதினொரு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். படிப்பு பெரும்பாலும் வீட்டில்தான். மேட்ஜ் என்று ஓர் அக்கா. இரண்டு பேரும் துப்பறியும் கதைப் பிரியர்கள். ஒருநாள் பேச்சுவாக்கில், அப்படி ஒரு கதையை உன்னால் எழுத முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு தங்கையின் மனதில் தைத்துக்கொண்டது.

1914ல் முதல் உலகப் போர் வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஆர்ச்சி கிறிஸ்டி என்ற ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் போர்முனைக்குப் போக, இவர் டார்க்கி ஆஸ்பத்திரியில் தொண்டராக நர்ஸ் வேலை பார்த்தார். அப்புறம் அதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்துக்கு மாறினார். 1917ல் முறையாகத் தேர்வு எழுதி, மருந்து கலந்து கொடுக்கும் தகுதியும் பெற்றார். டிஸ்பென்சரி வேலை எப்படி என்று உனக்கு இனிமேல்தான் தெரியும். ஒரு நேரம் தலை நிமிர முடியாது. ஒரு நேரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த ஈ ஓட்டும் நேரத்தில்தான் அக்காவின் சவால் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. சுற்றிப் பார்த்தால் அலமாரி முழுக்க விஷப் பாட்டில்கள். அப்படியானால் கொலையும் விஷத்தால்தானே இருக்க வேண்டும்? இதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே புத்தகத்தில் இன்னொரு சம்பவம் உண்டு. தேர்வுக்குத் தயாராவதற்காக ஊரில் இருந்த ஒரு மருந்துக்கடைக்காரரிடம் பயிற்சிக்குப் போனார். ஒருநாள் அந்த மனிதர் ஆசனவாயில் வைக்கும் மருந்து செய்து காட்டினார். கணக்கில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போய்விட்டதை இந்தப் பெண் கவனித்துவிட்டார். மருந்து பத்து மடங்கு வீரியத்தில் இருக்கிறது. "தப்பு" என்று ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் ஆள் இல்லை. அதனால் கால் தடுக்கியது போல விழுந்து, தட்டைக் கவிழ்த்து, கீழே சிதறியதைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார்! அதே மனிதர் இன்னொரு நாள் சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஒரு கட்டியை எடுத்துக் காட்டியிருக்கிறார். குராரே. அம்பில் தடவும் விஷம். வாயால் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ரத்தத்தில் கலந்தால் மூச்சு நின்றுவிடும். அதை ஏன் சுமந்து திரிகிறார் தெரியுமா? அது கையில் இருந்தால் தனக்கு ஒரு பலம் இருப்பது போலத் தோன்றுகிறதாம். அந்த ஆள் அவர் மனதை விட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் போகவே இல்லை. 1961ல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு வித்து அவர்தான்.

இதை நான் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பார்க்க மரியாதையானவர், ஊருக்கு வேண்டியவர், கை சுத்தமானவர். ஆனால் உள்ளே ஒரு கோணல். கிறிஸ்டியின் அறுபத்தாறு துப்பறியும் நாவல்களிலும் திரும்பத் திரும்ப நடமாடுவது இந்த மனிதர்தான்.

சரி, முதல் நாவலுக்கு வருவோம். 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. எழுதியது 1916ல். பாதியில் கதை நகராமல் நின்றுவிட, அம்மாதான் விடுமுறையில் எங்காவது தனியாகப் போய் முடித்துவிடு என்றார். டார்ட்மூர் மேட்டு நிலத்தில் ஒரு ஓட்டலில் இரண்டு வாரம் தங்கினார். காலையில் எழுதுவது, மத்தியானம் அந்தப் புல்மேடுகளில் தனியாக நடப்பது. நடக்கும்போது அடுத்த அத்தியாயத்தின் பேச்சுகளை ஒவ்வொரு பாத்திரமாகத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே போவாராம். கோடநாடு போகும் வழியில் பனி இறங்கும் சாயங்காலம் ஒரு பெண் இப்படித் தனக்குள் பேசிக்கொண்டு நடந்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பார்.

புத்தகத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஜான் லேன் என்ற பதிப்பாளர் எடுத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் முடிந்த கடைசி அத்தியாயத்தை மாற்றச் சொன்னார். இவர் அதை ஒரு வீட்டு அறையில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கும் காட்சியாக மாற்றினார். அதுவே பிற்பாடு அவருடைய முத்திரை ஆகிவிட்டது. 1920ல் அமெரிக்காவிலும் 1921ல் இங்கிலாந்திலும் வெளிவந்தது. விற்றது சுமார் 2,000 பிரதி. கையில் கிடைத்தது 25 பவுண்டு. ஒப்பந்தப்படி இன்னும் ஐந்து புத்தகம் அதே இடத்துக்குத் தர வேண்டியிருந்தது.

இந்த நாவலின் விஷம் ஸ்ட்ரிக்னின். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் எட்டிக் கொட்டையிலிருந்து. "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று நாம் பழமொழி சொல்லும் அதே எட்டி. தென்னிந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போன சரக்கு அது. 1818ல் ஸ்ட்ரிக்னினைப் பிரித்தெடுத்த பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்தான் 1820ல் சிங்கோனா பட்டையிலிருந்து மலேரியாக் காய்ச்சல் மருந்தான குயினைனையும் பிரித்தெடுத்தார்கள். 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா வைத்து, இந்த மலையின் பெரிய தொழிலாகச் சில காலம் இருந்ததே, அந்தக் குயினைன்தான். இரண்டுமே கடுங்கசப்பு. அந்தக் காலத்தில் ஸ்ட்ரிக்னினை மிகக் குறைந்த அளவில் டானிக்கில் சேர்ப்பார்கள். அந்தக் கசப்பு பசியைத் தூண்டும் என்று நம்பினார்கள்.

இப்போது நீ மட்டும் ரசிக்கக்கூடிய ஒரு விஷயம் சொல்கிறேன். யார் செய்தது என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே. எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். டானிக்கில் ஸ்ட்ரிக்னின் சல்பேட் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்திருக்கிறது. அதில் தூக்கத்துக்குக் கொடுக்கும் ப்ரோமைடு பொடியைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரிக்னின், சீக்கிரம் கரையாத ப்ரோமைடு உப்பாக மாறி, மெல்ல மெல்லப் படிகமாகப் பாட்டிலின் அடியில் இறங்கிவிடும். மேலே இருப்பதைக் குடிக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. கடைசி டோஸில் மொத்த விஷமும் சேர்ந்து வரும். வெளியிலிருந்து புதிதாக ஒரு துளி விஷமும் வாங்க வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தே கொன்றுவிடும். இது அவர் கற்பனை அல்ல, மருந்து கலப்போருக்கான பாடப் புத்தகத்தில் எச்சரிக்கையாக அச்சாகியிருந்த விஷயம். நாவல் வந்ததும் பார்மசூட்டிக்கல் ஜர்னல் என்ற தொழில் பத்திரிகை விஷத்தைச் சரியாகக் கையாண்டதற்காக அதைப் பாராட்டி எழுதியது. கடைசி வரை அவருக்கு மிகவும் பிடித்த பாராட்டு அதுதான்.

மிக்ஸ்சர் பாட்டிலை நீ பார்த்திருக்க மாட்டாய். இப்போது எல்லாம் அட்டையில் மாத்திரை. எங்கள் காலத்தில் நோயாளி வீட்டிலிருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டுவருவார். நாங்கள் கலந்து ஊற்றி, ஒரு நீளக் காகிதத்தை ஓரத்தில் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அளவு தெரிந்துவிடும். கழுத்துப் பக்கம் "குலுக்கிக் குடிக்கவும்" என்று சீட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயிற்றுப்போக்குக்குச் சாக் மிக்ஸ்சர் கலந்து ஒரு பாட்டியம்மாவுக்குக் கொடுத்தேன். அவசரத்தில் அந்தச் சீட்டை ஒட்ட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த அம்மா பாட்டிலோடு வந்து, "தம்பி, முதல்ல தண்ணியாத்தான் இருந்துச்சு, இப்ப பார் சேறாட்டம் இருக்குது" என்று நீட்டினார். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. சுண்ணாம்புக் கட்டிதானே, கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அது வேறு மருந்தாக இருந்திருந்தால்?

'ஸ்டைல்ஸ்' நாவல் என் கைக்கு வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது பழைய புத்தகங்களை எடைக்குப் போட இருந்தார்கள். அதில் பென்குயின் பதிப்பகத்தின் பச்சை அட்டைப் புத்தகம் ஒரு கட்டு கிடந்தது. பென்குயினில் பச்சை என்றாலே குற்றக் கதை. 1935ல் அந்த நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட பத்துப் புத்தகத்தில் 'ஸ்டைல்ஸ்' ஒன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் படித்தேன். கடைசியில் அந்தப் பாட்டிலின் அடி வண்டல் வந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பாட்டியம்மாவின் பாட்டில் கண் முன்னால் வந்து நின்றது.

இந்தக் கதையில்தான் எர்க்யூல் பொய்ரோ வருகிறார். போரில் பெல்ஜியத்திலிருந்து அகதிகள் பலர் டார்க்கிக்கு வந்து தங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற பெல்ஜியப் போலீஸ்காரரைத் துப்பறிவாளர் ஆக்கினார். முட்டைத் தலை, மெழுகு போட்டு முறுக்கிய மீசை, எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்கும் பழக்கம். முதல் கதையிலேயே ஓய்வுபெற்றவராகக் காட்டியதற்கு அவர் பின்னால் வருத்தப்பட்டார். அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரை நடக்கவைக்க வேண்டியிருந்ததே.

1926 அவர் வாழ்க்கையில் ஒரே நேரத்தில் ஏற்றமும் இடியும். அந்த வருஷம்தான் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வந்தது. முடிவைப் படித்துவிட்டு, வாசகனை ஏமாற்றிவிட்டார் என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். இரண்டாம் முறை பென்சிலோடு. எல்லா உண்மையும் அதில் எழுதித்தான் இருக்கிறது. பாட்டில் அலமாரியில், கண்ணுக்கு நேரே, லேபிளோடு இருக்கிறது. நாம்தான் லேபிளை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் அம்மா இறந்தார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கணவர் வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி விவாகரத்துக் கேட்டார். டிசம்பர் 3 இரவு கிறிஸ்டி காரை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். மறுநாள் கார் மட்டும் ஒரு சரிவில் கிடந்தது. நாடே தேடியது. பதினொரு நாள் கழித்து, 14ஆம் தேதி, வடக்கே ஹாரோகேட் என்ற ஊரின் ஓட்டலில் கண்டுபிடித்தார்கள். கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரில் அறை எடுத்திருந்தார். இதைப் பற்றிப் படமும் புத்தகமும் நிறைய வந்துவிட்டன. அவர் தன் சுயசரிதையில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் மூடி வைத்த கதவை நான் தட்டப் போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. கையில் பணம் இல்லை, சின்ன மகள் இருக்கிறாள், புத்தகம் கொடுத்தாக வேண்டும். கேனரித் தீவில் மகளை விளையாட விட்டுவிட்டு 'தி மிஸ்டரி ஆஃப் த ப்ளூ ட்ரெயின்' நாவலை எழுதி முடித்தார். அந்த நாவலை அவருக்கே பிடிக்காது. ஆனால் அப்போதுதான் தான் பொழுதுபோக்குக்கு எழுதுகிறவள் என்ற நிலையிலிருந்து தொழில்காரியாக மாறினேன் என்று சொல்கிறார். மனசு சரியில்லாத நாளிலும், எழுதுவது பிடிக்காத நாளிலும், நன்றாக வராத நாளிலும் எழுத வேண்டும், அதுதான் தொழில் என்கிறார். காய்ச்சலோடு வரிசையில் நிற்கும் நாற்பது பேருக்கு, உன் வீட்டில் என்ன நடந்திருந்தாலும், மருந்து கலந்துதான் ஆக வேண்டும். எனக்கு அந்த வரி நன்றாகப் புரிந்தது.

1928ல் விவாகரத்து. அந்த இலையுதிர் காலத்தில் தனி ஆளாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறி பாக்தாத் போனார். 1930ல் ஈராக்கில் 'உர்' என்ற பழம்பெரும் நகரத்தின் அகழாய்வில் மாக்ஸ் மாலோவன் என்ற தொல்லியலாளரைச் சந்தித்து, அந்த வருஷம் செப்டம்பரில் கல்யாணம் செய்துகொண்டார். அவர் இவரைவிடக் கிட்டத்தட்டப் பதினான்கு வயது சின்னவர். அதன்பின் வருஷத்தில் சில மாதம் ஈராக்கிலோ சிரியாவிலோ கூடாரத்தில்தான் வாழ்க்கை. ஈராக்கின் நிம்ருத் என்ற பழைய நகரத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தந்தச் சிற்பங்களை முகத்துக்குப் பூசும் க்ரீமால் துடைத்துச் சுத்தம் செய்தவர் இவர்தான். தந்தம் வெடிக்காமல், இடுக்கில் இருக்கும் மண் மட்டும் வெளியே வர அது உதவியதாம். டிஸ்பென்சரிக்காரியின் கை எங்கே போனாலும் அதே கைதான்.

'மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' 1934ல் வந்தது. அதற்குச் சில வருஷம் முன்பு ஈராக்கிலிருந்து திரும்பும்போது மழை வெள்ளத்தில் அவர் போன ரயிலே வழியில் நின்றுவிட்டிருக்கிறது. நம் மலை ரயிலில் மழைக்காலத்தில் போயிருக்கிறாயா? எனக்கு ஒருமுறை ஹில்குரோவ் தாண்டி மண் சரிந்து நான்கு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. முதல் அரை மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தார். பெட்டியில் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். யார் மகன் எங்கே வேலை, யாருக்கு யாரோடு வழக்கு என்று எல்லாம் வெளியே வந்தது. வெளியே போக வழியில்லாத இடத்தில் மனிதர்கள் எப்படித் திறந்துகொள்கிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்தேன். கிறிஸ்டி தீவு, ரயில், கப்பல், பனி மூடிய வீடு என்று தேடித் தேடி ஆட்களை அடைத்துவைப்பது அதற்குத்தான்.

மிஸ் மார்ப்பிள் முதலில் 1927ல் ஒரு சிறுகதையில் வந்தார். 1930ல் 'தி மர்டர் அட் த விகாரேஜ்' முதல் நாவல். செயிண்ட் மேரி மீட் என்ற சின்ன கிராமத்துக் கிழவி. கல்யாணம் ஆகாதவர், தோட்டமும் பின்னல் ஊசியுமாகப் பொழுது போக்குபவர். அவர் துப்பறிவதற்குக் கைரேகையும் பூதக்கண்ணாடியும் தேவையில்லை. இந்த ஆள் நம் ஊர் மீன்காரன் மகனைப் போல இருக்கிறானே, அவன் என்ன செய்தான் என்று யோசித்தால் போதும். உன் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஊர் முழுக்க நடப்பதைச் சொல்லிவிடுவதில்லையா, அந்த அறிவுதான். படித்தவர்கள் அதை வம்பு என்று தள்ளிவிடுவார்கள். கிறிஸ்டி அதை அறிவாகவே மதித்தார். இதற்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

1934 முதல் 1945 வரை அவர் எழுதியதுபோல அந்த வகையில் வேறு யாரும் எழுதவில்லை என்பேன். 1936ல் 'தி ஏபிசி மர்டர்ஸ்', 1937ல் 'டெத் ஆன் த நைல்', 1939ல் 'அண்ட் தென் தேர் வேர் நன்', 1940ல் 'சாட் சைப்ரஸ்'. இந்தக் கடைசிப் புத்தகம் உனக்காகவே எழுதியது போல இருக்கும். அதில் ஒரு கிழிந்த லேபிள் துண்டு வருகிறது. மார்பின் குழாயின் லேபிள் என்று எல்லாரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தத் துண்டில் இருக்கும் முதல் எழுத்தைக் கவனமாகப் பார். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இனி உன் மூன்றாவது கேள்வி. மனுஷங்களே இல்லை என்பதற்கு என் பதில் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்', 1942. ஒரு ஓவியர் பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஹெம்லாக் செடியின் கோனீன் விஷத்தால் செத்துப்போனார். மனைவிக்குத் தண்டனை கிடைத்தது. அவளும் சிறையில் இறந்துவிட்டாள். இப்போது கல்யாண வயதில் இருக்கும் மகள் வந்து, அம்மா உண்மையில் செய்தாளா என்று பொய்ரோவிடம் கேட்கிறாள். உடல் இல்லை, தடயம் இல்லை, கோப்பை இல்லை. அன்று அங்கே இருந்த ஐந்து பேர் நினைவில் வைத்திருப்பது மட்டும்தான் உண்டு. ஐந்து பேரும் அதே நாளை எழுதித் தருகிறார்கள். ஒவ்வொருவர் எழுத்திலும் அந்த மனைவி வேறு வேறு பெண்ணாக இருக்கிறாள். யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. அவரவர் காதலும் பொறாமையும் குற்ற உணர்வும் ஞாபகத்துக்குள் கலந்திருக்கின்றன. உண்மை வெளியே வரும்போது யாரும் ஜெயித்தது போல இருக்காது. அந்த ஓவியர் வரைந்த படத்தில் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதில் மனுஷங்கள் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறார்கள்?

ஆனால் உன் வகுப்பு ஆள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பல நாவல்களில் பாத்திரங்கள் மேலோட்டமானவைதான். கர்னல், பாதிரியார், பணக்காரக் கிழவி, கடன்பட்ட மருமகன். இதை நான் குறையாக மட்டும் பார்ப்பதில்லை. அவை லேபிள்கள். 'கர்னல்' என்றதும் நாம் மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். 'வேலைக்காரி' என்றதும் முகத்தையே பார்ப்பதில்லை. இங்கே பங்களாக்களில் பட்லரும் ஆயாவும் நின்றிருக்கும்போதே அவர்கள் இல்லாதது போலத் துரைமார் குடும்ப ரகசியம் பேசியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கிறிஸ்டி அந்தக் குருட்டுத்தனத்தை அறிந்து அதற்குள்ளேயே கொலையாளியை ஒளித்துவைத்தார். அவர் கதையில் விஷம் லேபிளுக்குள் இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

மன்னிக்க முடியாத இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பகால நாவல்களில் யூதர்களைப் பற்றியும் நிறம் மாறுபட்டவர்களைப் பற்றியும் அவர் எழுதிய சில வரிகள் முகம் சுளிக்கவைக்கும். 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலுக்கு இங்கிலாந்தில் முதலில் வைத்த பெயரே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல். அமெரிக்கப் பதிப்பில் 1940லேயே மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1985 வரை அந்தப் பெயர் அட்டையில் இருந்தது. நல்ல எழுத்தாளர் என்பதால் அது சரியாகிவிடாது.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் மறுபடி வேலைக்குப் போனார். அப்போது அவர் உலகம் அறிந்த எழுத்தாளர். குண்டு விழும் நகரத்தில் பகலில் மருந்து, இரவில் எழுத்து. தான் இறந்துபோனால் குடும்பத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு நாவல்களை எழுதிப் பூட்டிவைத்தார். பொய்ரோவின் கடைசிக் கதையான 'கர்ட்டன்' மகளுக்கு, மார்ப்பிளின் 'ஸ்லீப்பிங் மர்டர்' கணவருக்கு. 'கர்ட்டன்' 1975ல் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது.

நாடகம் பற்றிச் சுருக்கமாக. 'தி மவுஸ்ட்ராப்' 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் அரங்கேறியது. கொரோனாவில் நின்றது தவிர இன்றுவரை ஓடுகிறது. அதன் வருமானத்தை ஒன்பது வயதுப் பேரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மேரி வெஸ்ட்மக்காட் என்ற புனைபெயரில் கொலையே இல்லாத ஆறு நாவல்களும் எழுதியிருக்கிறார். அவர் கதைக் குறிப்பு எழுதிய நோட்டுகள் 73 கிடைத்திருக்கின்றன. பள்ளிக்கூட நோட்டு மாதிரிதான். ஒரு பக்கத்தில் யாரைக் கொல்வது என்ற யோசனை, பக்கத்திலேயே வீட்டுச் சாமான் பட்டியல்.

'தி பேல் ஹார்ஸ்' பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அதில் விஷம் தாலியம். முடி கொட்டுவது உட்பட அறிகுறிகளைத் துல்லியமாக எழுதியிருந்தார். 1977ல் கத்தார் நாட்டிலிருந்து ஒரு குழந்தையை லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த வார்டு நர்ஸ் அப்போது படித்துக்கொண்டிருந்தது இந்த நாவல். குழந்தையின் முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியமாக இருக்குமோ என்று சொன்னார். சோதித்தார்கள், அதுதான். குழந்தை பிழைத்துக்கொண்டது. கிறிஸ்டி அதற்கு முந்தைய வருஷம் ஜனவரி 12 அன்றே 85 வயதில் இறந்துவிட்டார். இந்தச் செய்தியை அவர் கேட்கவில்லையே என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

எங்கே தொடங்குவது? நீ 'ஸ்டைல்ஸ்' தான் முதலில் எடுக்க வேண்டும். வேறு யாராவது கேட்டால் வேறு சொல்வேன். அப்புறம் மார்ப்பிள் சிறுகதைகள், 'தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்'. அதில் சமையலுக்குப் பறித்த சேஜ் இலையோடு விஷமுள்ள ஃபாக்ஸ்குளோவ் இலை கலந்துவிடும் கதை ஒன்று உண்டு. ஊட்டித் தோட்டங்களில் ஊதா மணிகள் மாதிரிக் கொத்தாகத் தொங்கும் பூச்செடி, டிஜிடாலிஸ், அதேதான். பிறகு 'ஏபிசி', 'சாட் சைப்ரஸ்', 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. 'அக்ராய்ட்' நாவலைக் குறைந்தது மூன்று பொய்ரோ கதை படித்த பிறகுதான் தொட வேண்டும். முடிவை யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள். 1967ல், அவருக்கு 77 வயதானபோது வெளிவந்த 'எண்ட்லெஸ் நைட்' கடைசியாக இருக்கட்டும், இரவில் தனியாகப் படிக்காதே. 1970க்குப் பிறகு எழுதியவை தளர்ந்துபோனவை. 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' படித்து அவரை எடை போட்டுவிடாதே. ஆங்கிலம் எளிமைதான், உன்னால் முடியும்.

என் பச்சை அட்டை 'ஸ்டைல்ஸ்' தையல் பிரிந்து போயிருக்கிறது. நூல் வைத்துக் கட்டியிருக்கிறேன், பிரிக்காமல் படி. வரும் சனிக்கிழமை நூலகத்துக்குக் கொண்டுவருகிறேன். நீயும் உன் பார்மசூட்டிக்ஸ் நோட்டை எடுத்து வா. மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பாடம் வரும் பக்கத்தில் ஸ்ட்ரிக்னின், ப்ரோமைடு என்று இன்னும் எழுதிக் கொடுக்கிறார்களா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.